நாலாம் அறையும் என் அண்ணியும்

என் அண்ணியால் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. சாப்பாட்டின் நடுவில் இரண்டு தடவை எழுந்து போவாள். ஒரு தடவை தண்ணீர் எடுக்க, இன்னொரு தடவை எதற்கென்று அவளுக்கே தெரியாது. அடுப்பில் எதை வைத்தாலும் மூடியைத் திறந்து திறந்து பார்த்து, வேக வேண்டியதை வேக விடமாட்டாள். பஸ் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கி, இரண்டுக்கும் நடுவழியில் பஸ்ஸைக் கோட்டை விட்டவள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு வந்திருக்காங்களா?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நீ உட்கார்ந்த எடத்தை விட்டு நகரமாட்டே. ரெண்டு பேரையும் சேர்த்து வகுத்தா சரியா இருக்கும்," என்றான்.

காலைப் போலத்தான் வாயும். எந்த விஷயமும் அவள் வாயில் ஒரு பொழுது தங்கியதில்லை. நான் பக்கத்து நிலத்தை வாங்க யோசித்தபோது, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஓர் ஆள் என்னை நிறுத்தி, அந்த நிலத்தில் தண்ணீர் தேங்கும், பார்த்து வாங்குங்கள் என்றான். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் மாடிப்படி ஏறவில்லை. அவர்கள் மாடியிலும் நான் கீழேயும் இருக்கிறோம். எங்களுக்குள் சண்டை என்றால் அந்தப் படிதான் எல்லை.

இப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த உத்தியோகம், ஊரிலுள்ள ஆப்பிள்காரர்களை எல்லாம் பொறுத்திருங்கள் என்று சொல்வது.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் குளிர்க்கிடங்கு ஒன்று இருக்கிறது. அதில் நான்கு அறைகள். முதல் மூன்றும் சாதாரண அறைகள், இரண்டு மூன்று மாதத்தில் விற்றுவிடும் பழத்துக்கு. நாலாம் அறை வேறு. அதில் பெட்டிகளை அடுக்கிக் கதவை ரப்பர் வைத்து இறுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனில் பெரும்பங்கை மெஷின் இழுத்துவிடும். மனிதன் உள்ளே போனால் இரண்டு நிமிடத்தில் விழுந்துவிடுவான் என்று கதவில் சிவப்புப் பலகை தொங்கும். ஆப்பிளோ மூச்சைக் குறைத்துக்கொண்டு ஏழு மாதம் அப்படியே கிடக்கும். வசந்தத்தில் திறந்தால் நேற்றுப் பறித்த மாதிரி கடித்துத் தின்னலாம்.

ஆனால் அதற்குச் சரியான நாளில் பறித்திருக்க வேண்டும். ரொம்ப முந்திப் பறித்தால் அது காய்தான். எத்தனை மாதம் வைத்தாலும் ருசி வராது, சுருங்கும். வெளியே எடுத்த சில நாளில் தோல் வெந்நீர் பட்ட மாதிரி பழுப்பேறிவிடும். ரொம்பப் பிந்திப் பறித்தால் வெளியே அழகாக இருக்கும், உள்ளே பஞ்சாகி நடுப்பகுதி அழுகிப் போயிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் எட்டு, மிஞ்சினால் பத்து நாள். அந்த நாளைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அண்ணியின் வேலை.

ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் பத்துப் பழம் வாங்கிக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை அயோடினில் தோய்ப்பாள். காயாக இருந்தால் உள்ளே மாவுச்சத்து அதிகம், முகம் முழுக்க மை கொட்டியது போல் கறுத்துவிடும். பழுக்கப் பழுக்க மாவு சர்க்கரையாக மாறும். விதைப் பக்கத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். முழுக் கறுப்பிலிருந்து முழு வெளுப்புவரை எட்டுப் படம் போட்ட அட்டை ஒன்று சுவரில் தொங்கும். நாலாம் அறைக்கு மூன்றாம் படம் வேண்டும். ஆறு, ஏழு வந்துவிட்டால் நேரே சந்தைக்குத்தான். அறுவடைக் காலத்தில் எங்கள் ஊரில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை, "மூணு வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். அண்ணியின் பத்து விரலும் பழுப்பேறிப் பக்கத்தில் போனால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். ஊரே அவளை அயோடின் அக்கா என்று கூப்பிடும்.

நான் சொல்ல வந்த வருஷம், என் மரங்கள் முதன்முதலாக முழுதாகக் காய்த்த வருஷம். வீட்டுக்குப் பின்னால் முந்நூற்று இருபது கன்றுகளை நானே குழி தோண்டி நட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஒரே ஓர் ஆசை. என் பழம் நாலாம் அறைக்குள் போக வேண்டும். வசந்தத்தில், வேறெங்கும் நல்ல பழம் கிடைக்காத நாளில், என் பெட்டி திறப்பதை நான் நின்று பார்க்க வேண்டும். சிறுபிள்ளைத்தனம் என்றால் அப்படியே இருக்கட்டும். ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றியவளுக்கு அந்த ஆசை வரும்.

அந்த வருஷம் வெயில் அதிகம். பழம் சீக்கிரம் முற்றும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அண்ணி மூச்சு வாங்க ஓடிவந்து, "உன்னோடதுல மூணு வந்துடுச்சு. நாளைக்கே ஆள் சொல்லிப் பறிச்சுடு," என்றாள்.

"இன்னும் ஒன்பது பத்து நாள் இருக்கணுமே அண்ணி. காலையில ரெண்டு வெட்டிப் பார்த்தேன், விதை வெள்ளையா இருக்கு. திருகினாலும் கையோட வரமாட்டேங்குது."

"விதை என்ன சொன்னா என்ன? அயோடின் பொய் சொல்லாது. நாளைக்குப் பறி. அப்புறம் நாலு அஞ்சுன்னு போயிட்டா என்கிட்ட வந்து அழாதே!"

பறித்தேன். என்னைப் போலவே இன்னும் பத்துப் பேர் பறித்தார்கள். பதினோரு பேர் பழமும் நாலாம் அறைக்குள் போய், கதவு மூடி, ரப்பர் இறுகி, மெஷின் ஓடத் தொடங்கியது. நான் அன்றைக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன் என்பதை அண்ணன் இன்றுவரை சொல்லிச் சிரிப்பான்.

கதவு மூடி ஐந்தாம் நாள் மத்தியானம். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி வழக்கம்போல் உட்காராமல் அங்கும் இங்கும் நடந்தபடி கிடங்குக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்துக் கழுவப் போனாள். அதில் கொஞ்சம் அயோடின் மிச்சம் இருந்தது. அவசரமாய்த் திறந்ததில் நாலு சொட்டு என் பலகைமேல் தெறித்தது. நறுக்கிய கிழங்கின்மேல் விழுந்தது.

"உங்க கையால ஒரு காரியம் சிந்தாம நடக்காதா?" என்றேன்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஏதோ ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்தாள், மீதியைச் சொல்லவில்லை. அது எனக்கு நினைவு தெரிந்து நடந்ததே இல்லை. உருளைக்கிழங்கு முழுக்க மாவுதான். அதன்மேல் அயோடின் பட்டால் அடுத்த நொடியே கறுக்க வேண்டும். இந்தக் கிழங்கோ வெளிர்த் தேநீர் நிறத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ லேசாக ஊதா தட்டியது, அவ்வளவுதான்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். கிடங்கிலிருந்து பெரிய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கரும்பழுப்புக் கண்ணாடியில் செய்த பாட்டில், மூடியை அழுத்தித் திருகினால்தான் திறக்கும். அதிலிருந்து ஒரு சொட்டை இன்னொரு துண்டில் விட்டாள். விட்ட கணமே கறுத்தது.

இரண்டு துண்டும் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. விஷயம் எனக்கும் புரிந்துவிட்டது. அயோடின் தண்ணீரை வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அதற்குத்தான் கருங்கண்ணாடிப் பாட்டில். அந்த மூடியை அழுத்தித் திருகும் நேரம்கூட அண்ணிக்குப் பொறுக்கவில்லை. சீசன் ஆரம்பத்திலேயே ஒரு ஜாம் பாட்டில் நிறைய ஊற்றி, கைக்குச் சுலபமாக, மூடிகூட இறுக்காமல், கிடங்கு ஜன்னல் மேடையில் வைத்துக்கொண்டாள். நாள் முழுக்க வெயில் அதன்மேல். அயோடினின் வேகமெல்லாம் போய், கறுக்க வேண்டிய காயும் வெளுத்தே தெரிந்திருக்கிறது. ஒன்றாம் படத்தில் இருந்ததை மூன்று என்று பார்த்திருக்கிறாள். பதினோரு தோட்டத்துக் காயையும் பழம் என்று சொல்லி உள்ளே வைத்துப் பூட்டியாகிவிட்டது.

"விதை வெள்ளையா இருக்குன்னு சொன்னேனா இல்லையா?" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"சொன்னே."

"காதுல வாங்கினீங்களா?"

"இல்லை."

கத்தியைத் தொட்டியில் எறிந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் அவளிடம் பேசவில்லை.

அவள் அன்றே மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். எங்கள் மேனேஜருக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு'. தீப்பிடித்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். "ஒரு உருளைக்கிழங்கை நம்பி ஏழு மாசத்து அறையைத் திறக்கச் சொல்றியாம்மா? மாசா மாசம் சாம்பிள் எடுக்கிறோம்ல, பார்ப்போம். அதுவும் இல்லாம மூடின அறையை நடுவுல திறக்கணும்னா பழம் போட்டவங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும், தெரியும்ல?" என்றார்.

தெரியும். ஆகவே வீடு வீடாகப் போனாள். ஜாம் பாட்டிலையும் ஓர் உருளைக்கிழங்கையும் பையில் எடுத்துக்கொண்டு பத்து வீட்டுக்கும் போய், நின்றபடியே, தான் செய்த தப்பைச் செய்து காட்டினாள். ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். ஊரிலேயே பெரிய தோட்டக்காரர் ஒருத்தர் இருக்கிறார், நிதானமான மனிதர். "நீ சொல்லலைன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. வெயில் வருஷம்னு நினைச்சிருப்போம். ஏம்மா சொன்னே?" என்று கேட்டாராம்.

"வாயில நிக்கலைங்க," என்றாளாம்.

இதையும் அவளேதான் வந்து, மூடிய என் அறைக்கதவுக்கு வெளியே நின்று, என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் கோபம் இன்னும் கூடியது.

நாலாம் அறைச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. மாதம் ஒரு தடவை அதன் வழியாக மெஷின்காரர் வலைக்கம்பியை விட்டு ஐந்து பழம் எடுத்துத் தருவார். தோல் வெந்துபோகும் நோய் குளிரில் வெளியே தெரியாது. கதகதப்பான இடத்தில் ஏழு நாள் வைத்தால்தான் முகத்தைக் காட்டும். முதல் மாதச் சாம்பிளை மாடியில் வைத்தாள். மூன்றாம் நாளே அண்ணன் இரண்டைத் தின்றுவிட்டு, "என்ன பழம் இது, உப்புச் சப்பில்லாம?" என்று குறை வேறு சொன்னான். கைக்கு எட்டியதை விட்டுவைக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. ஆகவே அடுத்த மாதத்திலிருந்து சாம்பிள் என் சமையலறை ஜன்னல் மேடைக்கு வந்தது. வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். சட்டம் ஊதிப்போய்ச் சரியாக மூடாத அந்த ஜன்னலை அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் ஆணி அடித்து அடைத்திருந்தோம்.

இரண்டாம் மாதச் சாம்பிளில் ஏழு நாளும் ஒன்றும் ஆகவில்லை. காம்புப் பக்கம் லேசான சுருக்கம் மட்டும். எனக்கு உயிர் வந்தது. அண்ணிக்குத் திருப்தியில்லை. "இது இப்பத் தெரியாது. மூணாம் மாசம் தெரியும். அப்பத் திறந்தாக்கூடப் பாதியைக் காப்பாத்திடலாம். ஏழு மாசம்னா ஒரு பழம் மிஞ்சாது," என்று மறுபடி வீடு வீடாக நடந்தாள். வெந்துபோன தோலை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்த்திருந்த பழைய தோட்டக்காரர்கள் யோசித்து யோசித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். பத்துக் கையெழுத்து சேர்ந்தது.

பதினோராவது நான்.

"மாட்டேன்," என்றேன். "பறிக்கவும் நீங்கதான் அவசரப்படுத்தினீங்க. இப்போ திறக்கவும் நீங்கதான் அவசரப்படுத்துறீங்க. உங்க அவசரத்துக்கு என் மரம்தானா கிடைச்சுது?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. படிக்கட்டில் பாதி ஏறி, திரும்பி வந்து, "மூணாம் மாசச் சாம்பிள் நாளைக்கு வருது. ஏழு நாள். ஒரு பழத்துல பழுப்பு வந்தாலும் கையெழுத்துப் போடுவியா?" என்று கேட்டாள்.

"போடறேன். வரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

ஐந்து பழமும் மேடைக்கு வந்தன, அந்தத் தடவை என் பெட்டியிலிருந்து எடுத்தவை. தினமும் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக என் சமையலறைக்குள் நுழைவாள், ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள், போவாள், பத்து நிமிடத்தில் திரும்ப வருவாள். நான் அவளுக்கு மேல். அவள் இல்லாத நேரமெல்லாம் நான்தான் அந்த மேடைக்கு முன்னால். துணி துவைக்கப் போவேன், பாதியில் வந்து பார்ப்பேன். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராதவள் என்று பெயர் வாங்கிய எனக்கு, அந்த வாரம் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

நாலாம் நாள் காலை, கடைசிப் பழத்தின் அடிப்பக்கத்தில் ஒரு நிழல் தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகத்தளவுதான் இருக்கும், இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து பழத்தையும் துணியில் சுற்றிப் பின்வாசல் படியில் வெளியே வைத்தேன். வெளியே நல்ல குளிர். குளிரில் இருந்தால் பழுப்பு பரவாது என்பது எனக்கும் தெரியும், அவளிடமே கற்றதுதான். அவள் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி உள்ளே எடுத்து வைத்து, நிழல் விழுந்த பக்கத்தைக் கீழே திருப்பிவிடுவேன். சாயங்கால மங்கலில் அவள் திருப்பிப் பார்த்தாலும் அது தெரியாது. அவள் கடைசியாகப் பார்த்துவிட்டு மாடிக்குப் படுக்கப் போனதும் மறுபடி வெளியே. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் இப்படித்தான் நடந்தது. ஏழு வருஷத்து மரத்துக்காக மூன்று நாள் ஏமாற்றினால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் செய்தேன்.

ஏழாம் நாள் அவளுக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. மத்தியானமே கிடங்கிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். வாசல் கேட் சத்தம் கேட்டு நான் பின்வாசலுக்கு ஓடி, பழத்தை அள்ளிக்கொண்டு வந்து மேடையில் வைத்து, துணியைச் சுருட்டி அடுப்படியில் எறியவும் அவள் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

முதல் பழத்தைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவதைத் தொட்டாள். மற்ற மூன்றையும் வரிசையாகத் தொட்டாள்.

"சில்லுனு இருக்கே," என்றாள்.

"ஜன்னல் திறந்திருந்தது," என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினேன், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது கத்துவாள், இன்னும் கால்மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரியும், மேனேஜர் காதுக்குப் போகும், பதினோரு வீட்டுக்கும் போகும் என்று காத்திருந்தேன்.

"சரி. இன்னையிலேருந்து மறுபடி ஒண்ணுன்னு எண்ணுவோம்," என்றாள். நாற்காலியை இழுத்து ஜன்னல் மேடைக்குப் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. எழுந்திருக்கவில்லை. கிடங்குக்கு லீவு சொல்லி அனுப்பினாள். அன்று படுக்கப் போகும் நேரம்வரை அங்கேயே இருந்தாள். மறுநாள் விடிந்ததும் கீழே இறங்கி வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது, மேடைமேல் இருந்த தட்டு அந்த ஆட்டத்தில் கிணுகிணுவென்றது. நடுவில் இரண்டு தடவை எழப் போனவள்போல் கையை ஊன்றி, மறுபடி உட்கார்ந்துகொண்டாள். பின்வாசல் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

மூன்றாம் நாள் காலையில் நிழல் காசளவு ஆகியிருந்தது. மத்தியானம் பக்கத்துப் பழத்திலும் வந்தது. சாயங்காலத்துக்குள் ஐந்தில் மூன்று பழம், வெந்நீர் கொட்டிய கைத்தோல் மாதிரி பழுப்பாகத் திட்டுத்திட்டாக. முதன்முதலாகப் பார்த்தேன். ஏழு வருஷம் நான் வளர்த்தது அது.

"காகிதத்தைக் குடுங்க," என்றேன்.

கையெழுத்துப் போடும்போது அழுதுவிட்டேன். அவள் அந்தப் பழுப்பு விரல்களால் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். அயோடின் வாசனை என் தலையில் இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் மெஷினை நிறுத்தி, காற்றை உள்ளே விட்டு, நாலாம் அறையைத் திறந்தார்கள். 'நாளைக்கு' மேனேஜர் அன்றைக்கு மட்டும் நாளைக்கு என்று சொல்லவில்லை. பாதிப் பழம் பத்து நாளைக்குள் விற்றுப்போயிற்று, ருசி இல்லாமல், ஆனால் தோல் கெடாமல். மீதியைச் சாறு பிழியும் ஆலை எடுத்துக்கொண்டது. வீம்புக்கு ஒரு பெட்டியை நான் வீட்டில் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அதில் ஒன்றுகூட முகம் பார்க்கும்படி இல்லை. ஏழு மாதம் விட்டிருந்தால் பதினோரு பேருக்கும் அந்தப் பெட்டிதான் மிஞ்சியிருக்கும்.

பிறகு கிடங்கு ஆபீசில் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். அண்ணி நின்றுகொண்டு ஜாம் பாட்டில் கதையை எத்தனையாவது தடவையாகவோ சொன்னாள். இனிமேல் தினமும் காலையில் உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் பழத்தைத் தொடுவேன் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது பெரிய தோட்டக்காரர், குற்றம் பிடிக்கும் தொனி இல்லாமல், சும்மா கேட்டார்:

"எல்லாம் சரிம்மா. ஏழு நாள் வைக்க வேண்டிய சாம்பிள் ஏன் பத்து நாள் ஆச்சு? மூணு நாள் முன்னாடி திறந்திருந்தா இன்னும் கொஞ்சம் பழம் நின்னிருக்குமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தரையில் ஓர் ஆப்பிள் காம்பு கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் கதை என்று நினைத்தேன். ஒரு பொழுதுகூட எதையும் வாயில் வைத்திருக்கத் தெரியாதவள் அல்லவா பேசப் போகிறாள்!

"சமையக்கட்டு ஜன்னல் திறந்து கிடந்துச்சுங்க. குளிர் பட்டுடுச்சு. கவனிக்காதது என் தப்பு," என்றாள்.

அவர்கள் அதையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் என் பழத்துக்கு மூன்று வர அண்ணி பதினைந்து நாள் காக்க வைத்தாள். வெட்டும்போது நானும் கூட இருந்தேன். விதை பழுப்பாகிவிட்டதா என்று முதலில் என்னைப் பார்க்கச் சொன்னாள். வசந்தத்தில் பெட்டி திறந்தபோது முதல் பழத்தை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே, நடந்தபடியே, காம்புவரை தின்று தீர்த்தாள்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஜாம் பாட்டில் கதை தெரியாத ஆளே இந்தப் பக்கத்தில் கிடையாது. பஸ் கண்டக்டருக்குத் தெரியும், பல் டாக்டருக்குத் தெரியும், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். சிரித்துச் சிரித்து அவளே சொல்லுவாள். ஆனால் அந்தச் சில்லென்ற ஐந்து பழத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணனுக்குக்கூடத் தெரியாது, நான் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். போன வாரமும், சாம்பிள் வைக்க வந்த இடத்தில், "இந்த ஜன்னல் திறந்திருந்ததாலதான் அந்த வருஷம் மூணு நாள் வீணாச்சு," என்று மெஷின்காரரிடம் வெகு இயல்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஜன்னலில் எட்டு ஆணி இருக்கிறது. அண்ணன் சுத்தியலால் அடித்தபோது ஒவ்வோர் ஆணியையும் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.